கரு வரும் பின்னே, காப்பு வரும் முன்னே



மலர்க் குழுவிலிருந்து போன் செய்து, "கவிதை ஏற்கெனவே பன்னிரண்டு வந்துவிட்டது, நீயாவது ஒரு வரலாற்றுக் கட்டுரை கொடு" என்றார்கள். நான் இயந்திரவியல் படித்தவன். ஸ்ரீபெரும்புதூர் பக்கம் ஒரு தொழிற்சாலையில் தரக் கட்டுப்பாட்டுப் பிரிவில் வேலை. நம் பக்கத்து வரலாறு என்றால் சாத்தனூர்க் கல்மரம், ரஞ்சன்குடிக் கோட்டை என்று எல்லோரும் எழுதியாகிவிட்டது. அதனால் எங்கள் வீட்டுக் கதை ஒன்றையே எடுத்துக்கொண்டேன். அது குன்னத்தில் கிளம்பி மெட்ராஸ், சிட்னி, டாக்கா எல்லாம் சுற்றிவிட்டு மறுபடி குன்னத்துக்கே வந்து சேருகிறது. கர்ப்பிணிப் பெண்களை வைரஸ் நோய்கள் என்ன செய்தன, தடுப்பூசி அவர்களிடம் எப்போது வந்து சேர்ந்தது என்பதுதான் விஷயம். "மெக்கானிக்கல்காரனுக்கு ஏன்டா இந்த வேலை?" என்று நீங்கள் கேட்பது காதில் விழுகிறது. காரணம் இருக்கிறது. நம் பேட்ச் நண்பர்களிடம் நான் ஒரு மன்னிப்பும் கேட்க வேண்டியிருக்கிறது. அதைக் கட்டுரையின் நடுவில் கேட்டுக்கொள்கிறேன்.

எங்கள் அப்பாயியின் கையில் இரண்டு வட்டத் தழும்பு உண்டு. "அம்மை குத்துன தழும்புடா" என்று சொல்லும். சின்ன வயதில் அம்மை குத்துகிறவர் ஊருக்குள் வந்தால் பிள்ளைகள் எல்லாம் சோளக்காட்டுக்குள் ஓடி ஒளிந்துகொள்வார்களாம். ஒரு நாள் அப்பாயி மாட்டிக்கொண்டது. அதனால்தான் பிழைத்தேன் என்றும் சொல்லும். அது சொன்ன இன்னொரு கதை எனக்குச் சிறு வயதில் பேய்க்கதை மாதிரி இருந்தது. எங்கப்பா பிறப்பதற்கு முந்தின வருஷம் தெற்குத் தெருவில் ஏழு மாசக் கர்ப்பிணி ஒருத்திக்கு அம்மை கண்டது. "அவளுக்கு முத்தே போடல. கண்ணு செவந்து போச்சு. ஈறுல ரத்தமா வந்துச்சு. வயித்துப் புள்ளயும் தங்கல, அவளும் தங்கல. ஆத்தா கோவிச்சுக்கிட்டான்னு பேசிக்கிட்டாங்க." முத்துப் போடாத அம்மையா, அப்பாயி கதை விடுகிறது என்றுதான் நினைத்திருந்தேன்.

அப்பாயி கதை விடவில்லை. அதே காலத்தில் சென்னைத் தண்டையார்பேட்டைத் தொற்றுநோய் மருத்துவமனையில் டாக்டர் ஏ. ராமச்சந்திர ராவ் என்பவர் பெரியம்மை நோயாளிகளை ஆயிரக்கணக்கில் பார்த்துக் குறிப்பெடுத்துக்கொண்டிருந்தார். பெரியம்மை எத்தனை வடிவங்களில் வரும், ஒவ்வொன்றிலும் எத்தனை பேர் இறப்பார்கள் என்று இன்றைக்கும் உலகம் எடுத்துக்காட்டும் கணக்கு அவருடையதுதான். தடுப்பூசி போடாதவர்கள் 3544 பேர், போட்டவர்கள் 3398 பேர். முதல் கூட்டத்தில் நூற்றுக்கு 35 பேருக்கு மேல் இறந்தார்கள். இரண்டாவதில் 6 பேர். அமெரிக்காவிலோ லண்டனிலோ எடுத்த கணக்கு அல்ல இது. நம் மெட்ராஸ் வார்டுகளில் எடுத்தது.

ராவும் அவரோடு பணியாற்றியவர்களும் 1963-ல் கர்ப்பிணிகளைப் பற்றித் தனியாக ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். பெரியம்மையில் 'ரத்தப்போக்கு வகை' என்று ஒன்று உண்டு. கொப்புளம் எழும்புவதற்கு முன்பே தோலுக்கடியிலும் கண்ணிலும் ஈறிலும் ரத்தம் கசியும். சில நாளில் உயிர் போய்விடும். அதில் தப்பித்தவர்கள் அநேகமாக இல்லை. ஆண்களுக்கும் கர்ப்பமில்லாத பெண்களுக்கும் இந்த வகை நூற்றுக்கு ஒன்று வந்தது என்றால், கர்ப்பிணிகளுக்கு நூற்றுக்குப் பதினாறு. தெற்குத் தெருப் பெண்ணுக்கு முத்துப் போடாததன் காரணம் இதுதான். ஆத்தா கோபத்துக்கும் இதற்கும் சம்பந்தமில்லை. உலகெங்கும் பதிவான பழைய விவரங்களை ஹிரோஷி நிஷியுரா என்ற ஜப்பானிய ஆய்வாளர் 2006-ல் ஒன்றுசேர்த்துப் பார்த்தபோது, பெரியம்மை கண்ட கர்ப்பிணிகளில் ஏறக்குறைய மூன்றில் ஒருவர் இறந்திருந்தார்கள். பத்தில் நான்கு பேருக்குக் கரு கலைந்தோ, குறைப்பிரசவமாகவோ போயிருந்தது.

ஏன் கர்ப்பிணிகளை மட்டும் இப்படி? வயிற்றில் இருக்கும் குழந்தையில் பாதி அப்பனுடையது. தாயின் உடம்புக்கு அது ஒருவகையில் அந்நியப் பொருள். அதைத் தாக்காமல் பத்து மாதம் வைத்துக் காப்பாற்ற வேண்டுமானால் எதிர்ப்பு மண்டலம் தன் போக்கைக் கொஞ்சம் மாற்றிக்கொள்ள வேண்டும். முழுக்க அணைந்துபோவதில்லை. சில வேலைகளில் வேகம் குறைகிறது, சிலவற்றில் கூடுகிறது. போதாததற்கு இருதயமும் நுரையீரலும் இரண்டு உயிருக்கு உழைக்கின்றன. நம் பாஷையில் சொன்னால், ஏற்கெனவே முழு லோடில் ஓடும் இயந்திரம்.

சரி, கர்ப்பிணிக்கே ஊசி போட்டுவிடலாமே என்றால் அங்கேயும் ஒரு சிக்கல். பெரியம்மைத் தடுப்பூசியில் இருந்தது உயிருள்ள வைரஸ். அபூர்வமாக அது கருவையே தொற்றியதுண்டு. ஆகவே வீட்டில் அம்மை புகுந்துவிட்டால் ஒழிய கர்ப்ப காலத்தில் போடத் தயங்கினார்கள். உண்மையான பாதுகாப்பு எது என்றால், அப்பாயிக்கு நடந்த மாதிரி சோளக்காட்டுக்குள் துரத்திப் பிடித்துச் சிறு வயதிலேயே குத்திவிடுவதுதான். கரு உண்டாகும்போது காப்பு ஏற்கெனவே உடம்பில் இருக்க வேண்டும். கட்டுரைக்குத் தலைப்பு வைத்தது இதை நினைத்துத்தான். வளைகாப்பு ஏழாம் மாதம் போட்டுக்கொள்ளலாம். இந்தக் காப்பு அப்படி இல்லை.

இங்கே ஒரு இயந்திரவியல் விஷயத்தைச் சொல்லாமல் போக மனசு வரவில்லை. கிண்டியில் இருக்கும் கிங் இன்ஸ்டிட்யூட் 1899-ல் தொடங்கப்பட்டது. கன்றுக்குட்டிகளின் தோலில் வளர்த்து எடுத்த அம்மைப்பால் அங்கேதான் தயாரானது. அதைத் தோலில் ஏற்ற நம் நாட்டில் வெகு காலம் சுழலும் கத்தி ஒன்றைப் பயன்படுத்தினார்கள். சின்னச் சக்கரம் மாதிரி. தோலில் வைத்துத் திருகுவார்கள். பிள்ளைகள் ஓடியதில் ஆச்சரியமே இல்லை! 1960-களில் பெஞ்சமின் ரூபின் என்ற அமெரிக்கர் ஊசியின் காதைப் பாதியில் அரைத்தெடுத்து, இரண்டு முனையுள்ள கவட்டை ஊசி ஆக்கினார். கவட்டையின் நடுவில் ஒரு சொட்டு மருந்து நிற்கும். மருந்தும் குறைவு, வலியும் குறைவு, கற்றுக்கொடுக்கப் பத்து நிமிடம் போதும். அந்த ஊசி 1970-களில் உலகத்தையே சுற்றி வந்தது. இந்தியாவில் பெரியம்மை 1975-ல் முடிந்தது. 1980-ல் உலகிலேயே இல்லை என்று அறிவித்தார்கள். அதற்குப் பிறகு பிறந்த நம் கைகளில் அப்பாயியின் தழும்பு கிடையாது. நமக்கு இருப்பது காசநோய்க்கான பி.சி.ஜி. தழும்பு.

தண்டையார்பேட்டையில் இன்னொரு ஆராய்ச்சியும் நடந்தது. ஹென்றி கெம்பி என்ற அமெரிக்கக் குழந்தை மருத்துவர், அம்மைப்பால் குத்திக்கொண்டவர்களின் ரத்தத்திலிருந்து எதிர்ப்பொருளைப் பிரித்தெடுத்து, நோயாளியின் வீட்டில் இருப்பவர்களுக்கு ஊசியாகப் போட்டுப் பார்த்தார். 1961-ல் முடிவு வெளியானது. தடுப்பூசியோடு இதையும் பெற்ற 326 பேரில் 5 பேருக்குத்தான் அம்மை வந்தது. தடுப்பூசி மட்டும் பெற்ற 379 பேரில் 21 பேருக்கு வந்தது. ஒருவர் உடம்பில் உண்டான பாதுகாப்பை இன்னொருவருக்குக் கடனாகக் கொடுக்கலாம் என்று இதற்கு அர்த்தம்.

தாய்மார்கள் இந்தக் கடனை எந்த ஆராய்ச்சியும் இல்லாமல் ஆதிகாலம் தொட்டுக் கொடுத்து வருகிறார்கள். இதை முதலில் நிரூபித்தவர் ஜெர்மனியின் பால் எர்லிக். எதை வைத்து நிரூபித்தார் என்று தெரிந்தால் ஆச்சரியப்படுவீர்கள். நம் வேலியில் காய்த்துக் கிடக்கும் குன்றிமணி! அதன் விஷத்தையும் ஆமணக்கு விஷத்தையும் எலிகளுக்குத் துளித்துளியாகக் கொடுத்துப் பழக்கினார். பழகிய தாய் எலியின் குட்டிகளை விஷம் ஒன்றும் செய்யவில்லை. சாதாரண எலிக்குப் பிறந்த குட்டியைப் பழகிய எலியிடம் பால் குடிக்க விட்டாலும் அதற்குப் பாதுகாப்பு வந்தது. ஆனால் அப்பன் எலியை எவ்வளவு பழக்கினாலும் குட்டிக்கு ஒன்றும் போய்ச் சேரவில்லை. 1892-ல் வெளிவந்த முடிவு இது. அப்பன்மார்களே, இந்த விஷயத்தில் நம்மால் பைசாப் பிரயோஜனம் இல்லை.

மனிதர்களில் ஐ.ஜி.ஜி. என்ற எதிர்ப்பொருள் நச்சுக்கொடி வழியாகக் குழந்தைக்குப் போகிறது. கடைசி மூன்று மாதத்தில்தான் அதிகம் போகும். மாதம் நிறைந்து பிறக்கும் குழந்தையின் ரத்தத்தில் சில சமயம் தாயைவிடக் கூடுதலாகவே இருக்கும். ஐ.ஜி.எம். என்று இன்னொன்று உண்டு. அது அளவில் பெரியது, கொடியைத் தாண்டாது. ஆகவே பிறந்த குழந்தையின் ரத்தத்தில் ஏதாவது ஒரு கிருமிக்கான ஐ.ஜி.எம். இருந்தால், அந்தக் கிருமி கருவறைக்குள்ளேயே புகுந்து குழந்தையைத் தொட்டுவிட்டது என்று பொருள். இந்த ஒரு விவரத்தை மட்டும் ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.

இனி என் அக்கா கதை.

அக்கா 1984-ல் பிறந்தாள். கைதட்டினால் திரும்பவில்லை, கிண்ணம் விழுந்தால் திரும்பவில்லை என்று அம்மாவுக்கு ஒரு வயதில்தான் உறைத்தது. சிறுவாச்சூர் மதுரகாளியம்மனுக்கு வேண்டுதல் வைத்தார்கள். நாட்டு வைத்தியம் பார்த்தார்கள். பெரிய ஊரில் ஒரு மருத்துவமனைக்குத் தூக்கிக்கொண்டு போனபோது, "சொந்தத்துல கல்யாணம் பண்ணுனீங்களா?" என்று மட்டும் கேட்டார்களாம். இல்லை என்றதும், "அப்ப சாமி குத்தம்தான்" என்று ஒருவர் விளையாட்டாகச் சொல்லியிருக்கிறார். அம்மா அதை விளையாட்டாக எடுத்துக்கொள்ளவில்லை. முப்பது வருஷத்துக்கு மேல் மனசில் வைத்திருந்தார். அக்கா திருச்சியில் காது கேளாதோர் பள்ளியில் தங்கிப் படித்தாள். இப்போது பெரம்பலூரில் தையல் கடை வைத்திருக்கிறாள். நம் ஹாஸ்டல் நாளில் என் சட்டையைப் பார்த்து "எங்கடா தச்ச?" என்று கேட்டவர்களுக்கு இன்றைக்குப் பதில் சொல்லிவிட்டேன்.

1941-ல் ஆஸ்திரேலியாவின் சிட்னியில் நார்மன் கிரெக் என்ற கண் மருத்துவரிடம் கண்புரையோடு பிறந்த குழந்தைகள் வரிசையாக வந்தன. கிழவர்களுக்கு வர வேண்டிய புரை கைக்குழந்தைக்கு! விசாரித்தார். சக மருத்துவர்களிடமும் கேட்டார். மொத்தம் 78 குழந்தைகள். அதில் 68 பேரின் தாய்மார்கள் கர்ப்பத்தின் ஆரம்ப மாதங்களில் ரூபெல்லா என்ற லேசான அம்மை கண்டவர்கள். மூன்று நாள் காய்ச்சல், தடிப்பு, கழுத்தில் நெறி கட்டுதல், அவ்வளவுதான். நம் ஊரில் இதற்குத் தனியாக ஒரு பேர்கூட இல்லை. மணல்வாரி என்று பொதுவாகச் சொல்லிவிட்டு வேப்பிலை சொருகுவோம். அந்த அற்ப நோய் கருவில் கண்ணைக் கெடுக்கிறது, இருதயத்தில் ஓட்டை போடுகிறது என்று கிரெக் சொன்னபோது பலர் நம்பவில்லை. 1943-ல் அடிலெய்டில் ஸ்வான் என்பவரும் அவருடைய குழுவினரும் காது கேளாமையும் சேர்ந்து வருவதைக் காட்டினார்கள். முதல் 12 வாரத்துக்குள் தாய்க்கு ரூபெல்லா வந்தால் பத்தில் எட்டு, ஒன்பது குழந்தைகளுக்குப் பாதிப்பு என்பது பின்னால் தெளிவாயிற்று.

1962-ல் வைரஸைப் பிரித்தெடுத்தார்கள். 1964-65-ல் அமெரிக்காவில் பெரும் ரூபெல்லா அலை அடித்து, சுமார் 20,000 குழந்தைகள் குறைகளோடு பிறந்தன. 1969-ல் தடுப்பூசிக்கு அங்கே அனுமதி கிடைத்தது. ஸ்டான்லி பிளாட்கின் உருவாக்கிய ஆர்.ஏ. 27/3 என்ற வகைதான் இன்று நம் நாட்டிலும் போடப்படுவது. இதுவும் உயிருள்ள வைரஸ், பலவீனமாக்கப்பட்டது. எனவே கர்ப்பமாக இருக்கும்போது போடக்கூடாது. பெரியம்மையில் பார்த்த அதே கதை. முன்னாலேயே போட வேண்டும்.

மதுரை அரவிந்த் கண் மருத்துவமனை தென்னிந்தியாவில் கண்புரை வந்த 366 குழந்தைகளை ஆராய்ந்த முடிவு 1996-ல் வெளியானது. நூற்றுக்குப் பதினைந்து குழந்தைகளுக்குக் காரணம் ரூபெல்லா. ஒரு வயதுக்கு உட்பட்டவர்களை மட்டும் பார்த்தால் நான்கில் ஒன்று. நம் பக்கத்தில் இது எப்போதும் இருந்துகொண்டேதான் இருந்தது. யாரும் கேட்கவில்லை என்பதால் தெரியவில்லை.

மன்னிப்புக்கு வருகிறேன்.

2017 பிப்ரவரி 5-ஆம் தேதி தமிழ்நாடு, கர்நாடகம், கோவா, புதுச்சேரி, லட்சத்தீவு ஆகிய ஐந்து இடங்களில் தட்டம்மை-ரூபெல்லா தடுப்பூசி இயக்கம் தொடங்கியது. ஒன்பது மாதம் முடிந்த குழந்தை முதல் பதினைந்து வயதுக்குட்பட்டவர்கள் வரை எல்லோருக்கும், முன்பு போட்டிருந்தாலும் இல்லாவிட்டாலும், ஒரு ஊசி. பள்ளிக்கூடத்திலேயே போட்டார்கள். தமிழ்நாட்டில் மட்டும் ஒன்றே முக்கால் கோடிக் குழந்தைகள் இலக்கு. தம்பி தங்கைகளே, இப்போது கல்லூரியில் இருக்கும் உங்களில் பலருக்கு அன்று வரிசையில் நிற்க வைத்துப் போட்டது இதைத்தான்.

அப்போது வாட்ஸ்அப்பில் வதந்திகள் காட்டுத்தீ மாதிரி பரவின. ஊசி போட்ட பிள்ளைகள் மயங்கி விழுகிறார்கள், நம் குழந்தைகள் சோதனை எலிகள், அது இது என்று. அதில் ஒரு ஒலிப்பதிவை நம் பேட்ச் குழுவில் போட்டவன் நான்தான். "யோசிச்சு முடிவெடுங்க நண்பர்களே" என்று மேலே ஒரு வரி வேறு. எனக்கு அப்போது கல்யாணம்கூட ஆகவில்லை. ஏதோ சமூக சேவை செய்த நினைப்பு. இரண்டு பேர் "நன்றி மச்சி, எங்க வீட்ல வேண்டாம்னு எழுதிக் குடுத்துட்டோம்" என்று பதில் போட்டார்கள். அக்கா மகளின் பள்ளியிலிருந்தும் கடிதம் வந்திருந்தது. "போட வேண்டாம்" என்று நான்தான் சொன்னேன். அக்காவுக்கு என் பேச்சில் நம்பிக்கை. தம்பி இன்ஜினியர் ஆயிற்றே!

அடுத்த வாரம் ஊருக்குப் போயிருந்தேன். ஏன் பிள்ளைக்கு ஊசி போடவில்லை என்று விசாரிக்க நர்சம்மா வீட்டுக்கு வந்தார். நான் ஒலிப்பதிவில் கேட்டதை எல்லாம் எடுத்துவிட்டேன். அவர் பொறுமையாகக் கேட்டார். பிறகு என்னை விட்டுவிட்டு அம்மா பக்கம் திரும்பினார்.

"இந்தப் பொண்ணு வயித்துல இருக்கையில உங்களுக்குக் காய்ச்சல், தடிப்பு ஏதாச்சும் வந்துச்சாம்மா?"

அம்மா யோசிக்கவே இல்லை. "மூணாம் மாசம். மூணு நாளு. கழுத்துல நெறி கட்டியிருந்துச்சு. வேப்பிலை வச்சுத் தண்ணி ஊத்துனாங்க."

"அதுக்குத்தான்மா இந்த ஊசி."

திண்ணையில் கொஞ்ச நேரம் யாரும் பேசவில்லை. பிறகு அம்மா கேட்டார்: "அப்பவே இந்த ஊசி இருந்துச்சா?"

"இருந்துச்சும்மா. நம்ம ஊருக்கு வரல."

அக்காவுக்கு அதுதான் காரணம் என்று இன்றைக்கு யாராலும் நிரூபிக்க முடியாது. நான் ஞாபகம் வைத்துக்கொள்ளச் சொன்ன அந்த ஐ.ஜி.எம். பிறந்து ஒரு வருஷத்துக்குள் ரத்தத்திலிருந்து மறைந்துவிடும். அன்றைக்கு யாரும் சோதிக்கவில்லை. "இருக்க வாய்ப்பு நிறைய" என்று ஒரு காது மருத்துவர் பின்னால் சொன்னார். சாமி குத்தம் இல்லை என்று அம்மாவுக்குச் சொல்ல அந்த அளவு போதும். மறுநாள் அக்கா மகளுக்கு ஊசி போட்டாயிற்று. நம் குழுவில் நான் மறுப்பு எழுதப் பதினோரு நாள் எடுத்துக்கொண்டேன். வெட்கம்தான். இரண்டு கட்டைவிரல்கள் மட்டும் பதிலாக வந்தன. அந்த இரண்டு நண்பர்களிடமும் நேரில் கேட்க வேண்டிய மன்னிப்பை இந்த மலரில் கேட்டுக்கொள்கிறேன்.

1969-ல் உலகத்துக்கு வந்த ஊசி அரசுத் திட்டத்தில் நமக்கு வர ஏன் 2017 ஆயிற்று? வெறும் அலட்சியம் என்று முதலில் கோபப்பட்டேன். படித்துப் பார்த்தால் பாதிக் காரணம் நியாயமானது. கிரீஸ் நாட்டு அனுபவம் இது. அங்கே 1970-களின் நடுவிலிருந்து இந்த ஊசியை வசதியுள்ளவர்கள் தனியார் மருத்துவரிடம் போட்டுக்கொண்டார்கள். பாதிப் பேருக்குப் போட்டு பாதிப் பேரை விட்டதில் நோய் சுற்றுவது குறைந்தது. ஆனால் நிற்கவில்லை. முன்பானால் ஐந்து வயதில் வந்து போயிருக்கும். ஒரு தலைமுறைப் பெண்கள் நோயும் வராமல் ஊசியும் இல்லாமல் இருபத்தைந்து வயதுக்கு வந்துவிட்டார்கள். 1993-ல் அலை அடித்தபோது அவர்களில் பலர் கர்ப்பிணிகள். 25 குழந்தைகள் பாதிக்கப்பட்டது பரிசோதனையில் உறுதியானது. அதாவது அரைகுறையாகப் போட்டால் போடாமல் இருப்பதைவிட ஆபத்து. போட்டால் எல்லோருக்கும், ஆணுக்கும் பெண்ணுக்கும், ஒரே வீச்சில் போட வேண்டும். பதினைந்து வயது வரை வலைவீசிப் பிடித்ததன் காரணம் இதுதான். என்னைப் போன்றவர்கள் எழுதிக் கொடுத்த "வேண்டாம்" கடிதங்கள் அந்த வலையில்தான் ஓட்டை போட்டன. இருந்தாலும், 1985-ல் நாடு தழுவிய தடுப்பூசித் திட்டம் தொடங்கியபோது தட்டம்மை ஊசியை வீடு வீடாகக் கொண்டுசேர்க்க முடிந்தவர்களுக்கு, அதே குப்பியில் ரூபெல்லாவையும் சேர்க்க இன்னும் முப்பத்திரண்டு வருஷம் ஆகியிருக்க வேண்டாம் என்பது என் கருத்து. 2019-க்குள் நாடு முழுவதும் 30 கோடிக்கும் மேற்பட்ட பிள்ளைகளுக்குப் போட்டுவிட்டார்கள். முடியாத வேலை இல்லை.

நடுவில் மாட்டிக்கொண்டது நம் தலைமுறைதான். 2017-ல் பதினைந்தைத் தாண்டிவிட்டவர்களுக்கு அந்த ஊசி இல்லை. இன்னும் குழந்தை பெறாத தோழிகள் ஒரு மருத்துவரிடம் இதைக் கேட்டுக்கொள்வது நல்லது. போட்டுக்கொண்டால் ஒரு மாதமாவது கழித்துத்தான் கரு தரிக்க வேண்டும்.

கர்ப்பிணிக்கு எந்த ஊசியும் ஆகாது என்று யாராவது முடிவுகட்டிவிட வேண்டாம். டி.டி. ஊசியை நம் அம்மாக்கள் எல்லோரும் வயிற்றில் நம்மோடுதான் போட்டுக்கொண்டார்கள். அது பாக்டீரியா நோயான ரணஜன்னிக்கு. உயிருள்ள கிருமி எதுவும் அதில் இல்லை. தாயிடம் உண்டாகும் எதிர்ப்பொருள் கொடி வழியாகப் போய், தொப்புள்கொடி அறுக்கும்போது வரும் ஜன்னியிலிருந்து குழந்தையைக் காக்கிறது. தாய்க்கும் பச்சிளங்குழந்தைக்கும் வரும் ரணஜன்னி இந்தியாவில் கட்டுக்குள் வந்துவிட்டதாக 2015-ல் அறிவித்தார்கள். வைரஸிலும் இது பலிக்குமா என்று பங்களாதேஷின் டாக்காவில் 340 கர்ப்பிணிகளிடம் பார்த்தார்கள். கடைசி மூன்று மாதத்தில் ஃப்ளூ ஊசி பெற்றவர்களின் குழந்தைகளுக்கு முதல் ஆறு மாதத்தில் ஃப்ளூ 63 சதவீதம் குறைந்தது. அந்தக் குழந்தைகளுக்கு யாரும் ஊசி போடவில்லை. 2008-ல் வந்த முடிவு. குன்றிமணி எலிக்குட்டிகளின் கதைதான்.

2021-க்கு வருவோம். கொரோனா ஊசி ஜனவரி 16-ல் இந்தியாவில் தொடங்கியது. கர்ப்பிணிகளுக்கு இல்லை என்றார்கள். ஊசிகளைச் சோதித்தபோது கர்ப்பிணிகளைச் சேர்க்கவில்லை, அதனால் தரவு இல்லை, தரவு இல்லாததால் அனுமதி இல்லை. தரக் கட்டுப்பாட்டில் இருப்பவனுக்கு இந்த வாதம் நன்றாகவே புரியும். ஆனால் ஏப்ரலில் இரண்டாம் அலை வந்தபோது என் மனைவிக்கு மூன்றாம் மாதம். மும்பை நாயர் மருத்துவமனையின் கணக்கு செய்தித்தாளில் வந்தது. முதல் அலையில் கொரோனா வந்த கர்ப்பிணிகளில் நூற்றுக்கு 0.7 பேர் இறந்தார்கள். இரண்டாம் அலையில் 5.7. அதைப் படித்துவிட்டு அன்று இரவு நான் தூங்கவில்லை.

ஜூலை 2-ஆம் தேதி கர்ப்பிணிகளும் போட்டுக்கொள்ளலாம் என்று மத்திய அரசு அறிவித்தது. மாமியார் வேண்டவே வேண்டாம் என்றார். மனைவி என்னைப் பார்த்து, "நீங்க உறுதியாச் சொல்லுங்க, போட்டுக்கிறேன்" என்றாள். 2017-ல் ஒருமுறை உறுதியாகச் சொன்னவன் நான். வாய் வரவில்லை. இந்த ஊசியில் இருக்கும் வைரஸ் உடம்பில் பெருகாது, பெரியம்மை ஊசி மாதிரியோ ரூபெல்லா ஊசி மாதிரியோ அல்ல என்று படித்துத் தெரிந்து வைத்திருந்தும் வரவில்லை. அன்றைக்கு ராத்திரி வீடியோ காலில் அக்கா வந்தாள். கையால் பேசி முடித்துவிட்டு, நான் சரியாகப் புரிந்துகொள்ளவில்லையோ என்று எழுதியும் அனுப்பினாள்: "அம்மாவுக்கு ஊசி வரல. இவளுக்கு வந்திருக்கு. கூட்டிட்டுப் போ."

ஆறாம் மாதத்தில் ஆரம்ப சுகாதார நிலையத்தில் போட்டுக்கொண்டோம். ஒரு நாள் காய்ச்சல், பாரசிட்டமால், முடிந்தது. தாய் போட்டுக்கொண்ட கொரோனா ஊசி ஆறு மாதத்துக்குட்பட்ட குழந்தை மருத்துவமனையில் சேரும் வாய்ப்பை 61 சதவீதம் குறைத்தது என்று அமெரிக்க ஆய்வு 2022 பிப்ரவரியில் சொன்னது. அது அங்கே போடப்பட்ட வேறு வகை ஊசி. எங்கள் வீட்டில் போட்டது கோவிஷீல்டு. எங்கள் மகள் அக்டோபரில் பிறந்தாள்.

தாய் கொடுத்த கடன் மெல்லத் தீர்ந்துபோகும். தீருகிற வரை அது குழந்தைக்குக் காவல். ஆனால் அந்தக் காவலே உயிருள்ள தடுப்பூசியையும் உள்ளே விடாமல் அடித்துவிடும். அதனால்தான் தட்டம்மை-ரூபெல்லா ஊசிக்கு ஒன்பது மாதம் முடியட்டும் என்கிறார்கள். 2022 ஜூலையில் மகளுக்கு ஒன்பது மாதம் முடிந்தது. குன்னத்துக்குக் கூட்டிப் போயிருந்தோம். மடியில் வைத்துக்கொள்வேன் என்று அக்கா கடையைப் பூட்டிவிட்டு வந்திருந்தாள். அதே நர்சம்மாதான் ஊசி போட்டார். பிள்ளை ஊரைக் கூட்டியது. அக்கா அதன் வாயையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு என் பக்கம் திரும்பி, ரொம்பச் சத்தமா என்று கையால் கேட்டாள்.

தெருக்கோடி வரைக்கும் கேட்கும் என்று காட்டினேன். சிரித்தாள்.